வாசலுக்கு ஐந்து படி

கேள்வி: எனக்கு 38 வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து வேளச்சேரியில் வளர்ந்தவன். 1989-ல் அப்பா அரை கிரவுண்டில் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் தெருவில் மொத்தமே நான்கு வீடு. பின்பக்கம் பாதி வயல், பாதி பொட்டல். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. ஏரியில் துண்டு விரித்து மீன் பிடித்திருக்கிறோம். சாயங்காலம் அப்பா என் கையைப் பிடித்துத் தண்டீஸ்வரர் கோயிலுக்கு நடத்தியே கூட்டிப்போவார். பள்ளியில் படிக்கும்போது தரமணியில் டைடல் பார்க் வந்தது. கல்லூரி நாளில் பறக்கும் ரயில் வந்தது. வேலைக்குப் போன பிறகு மால் வந்தது. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வீடு இடிந்து ஃபிளாட் ஆனது. கல்யாணமாகி 2014-ல் நாவலூரில் ஃபிளாட் வாங்கி வந்துவிட்டேன். இப்போது அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த முகமே இல்லை. எல்லாரும் வெளியாட்கள். 2015 வெள்ளத்தில்கூட எதிர் ஃபிளாட்டில் யாரோ ஒரு குடும்பம்தான் அப்பா அம்மாவை மூன்று நாள் வைத்துக்கொண்டது. எங்கள் வீடு மட்டும் அப்படியே இருக்கிறது (ரோடு போட்டுப் போட்டு மேடாகிவிட்டதால் வீடு பள்ளத்தில் போய்விட்டது. வாசலுக்கு ஐந்து படி ஏற வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி என்பதால் வெளியே வருவதில்லை). அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. பழைய வேளச்சேரிப் படங்களைச் சேகரித்து வைத்திருக்கிறேன். பார்த்தால் அழுகை வருகிறது. மனசு தாங்காமல் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். இந்த ஏக்கத்திலிருந்து மீள வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாவலூர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் இல்லாததால் சுருக்கிப் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் ஏரிக்கு ஒரு முழுப் பக்கம். கிரிக்கெட் ஆடிய காலி மனைக்கு அரைப் பக்கம். முனையில் நின்ற புங்க மரத்துக்கு ஏழு வரி. இன்றைக்கு உங்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்பதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள்.

‘வளர்ந்த இடம் மாறிப்போய்விட்டது’ என்று எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. மதுரையிலிருந்து வருகிறது, கோயம்புத்தூர் சரவணம்பட்டியிலிருந்து வருகிறது, ஓசூரிலிருந்து வருகிறது. காலம் மாறத்தான் செய்யும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதலாம். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

அப்பா வெளியே வருவதில்லை என்கிறீர்கள். எத்தனை நாளாக? ஒரு மாதமா, ஒரு வருடமா? பால் யார் வாங்குகிறார்கள்? முடி வெட்டிக்கொள்ள எங்கே போகிறார்? மாத்திரை தீர்ந்தால் யார் கடைக்குப் போகிறார்கள்? உங்களைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு நடத்திப்போன மனிதர் கடைசியாக எப்போது அந்தக் கோயிலுக்குப் போனார்? இதற்கெல்லாம் உங்கள் நான்கு பக்கத்தில் பதில் இல்லை. உங்களுக்கே தெரியாது என்பது என் சந்தேகம். தெரிந்திருந்தால் அடைப்புக்குறி போட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த ஐந்து படி ஒரே ராத்திரியில் வரவில்லை, தம்பி. சென்னைத் தெருக்களில் நடப்பது எனக்கும் தெரியும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் இருந்ததன் மேலேயே ஊற்றிவிட்டுப் போவார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம். அடியில் ஜல்லி கொட்டினால் அரை அடி. தண்ணீர் நிற்கிறது என்று தெருக்காரர்களே லோடு லோடாக மண் கொட்டி மேடாக்குவதும் உண்டு. இப்படியே முப்பது வருடம் போனால் மூன்றடி. முதல் தடவை வாசல் கேட் தரையில் இடித்திருக்கும், அடியை அறுத்திருப்பீர்கள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அறுத்திருப்பீர்கள். அப்புறம் கேட்டை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றியிருப்பீர்கள். முதலில் ஒரு படி, பிறகு இரண்டு, மூன்று. நீங்கள் அந்த வீட்டில் இருந்தபோதே பாதிப் படி வந்திருக்கும். டைடல் பார்க் எப்போது வந்தது என்று நினைவு வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது படி எப்போது கட்டினோம் என்று நினைவிருக்கிறதா?

உங்கள் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர். இன்று 55 ஏக்கர்தான் மிச்சம். அரசு வாரியங்களே அதில் வீடு கட்டின, ரோடு போட்டார்கள், மற்றவர்கள் மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தெற்கே, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரை வாங்கி ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. அது சுருங்கிச் சுருங்கி, ஒரு பக்கம் குப்பைமேடாகவும் ஆன பிறகு, 2022-ல்தான் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையனுக்கு மனசு கனக்காமல் இருக்காது. கனக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள். 1989-ல் உங்கள் அப்பா அங்கே கடைக்கால் தோண்டினாரே, அதுவும் ஒரு மாற்றம்தான். அந்தப் பொட்டலில் மாடு மேய்த்தவர் ஒருவர் இருந்திருப்பார். நான்கு வீடு வந்ததும் அவர் மாட்டை வேறு பக்கம் ஓட்டிப்போயிருப்பார். உங்கள் அப்பா அம்மா அன்றைக்கு அந்த ஊருக்கு வெளியாட்கள். தண்ணீர் லாரி வராத நாளில் யாரோ ஒரு வீட்டுக் கிணற்றில் அவர்களுக்கு இறைக்க விட்டிருப்பார்கள், அப்படித்தான் வேரூன்றினார்கள். இப்போது நீங்கள் எதிர் ஃபிளாட்டுக்காரர்களை வெளியாட்கள் என்று எழுதுகிறீர்கள். 2015 டிசம்பரில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடிய அந்த மூன்று நாள், உங்கள் அப்பா அம்மாவுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தவர்களை ‘யாரோ ஒரு குடும்பம்’ என்கிறீர்கள். பத்து வருடமாக அவர்கள் பெயரைக்கூடவா கேட்காமல் இருந்தீர்கள்?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா கும்பகோணத்தில் இருந்தார். ரிட்டையரான பிறகு தினமும் காலையில் தெருமுனைக் காபிக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் பேப்பர் படித்துவிட்டு வருவார். கண் ஆபரேஷன் ஆன பிறகு போவதை நிறுத்திவிட்டார். போனில் கேட்டால், ‘என்னவோ தோணலைம்மா’ என்பார். வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று நானும் முடிவுகட்டிவிட்டேன். சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை போவேன், ராத்திரி பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். ஒரு தடவை பஸ் கிடைக்காமல் இரண்டு நாள் தங்கினேன். காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கீழேயே பார்த்தார். திரும்பி உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சாக்கடையின் மேல் போட்டிருந்த கடப்பாக்கல் உடைந்து பாதிதான் இருந்தது. மீதி இடத்தில் யாரோ ஒரு பலகை போட்டிருந்தார்கள். கால் வைத்தால் ஆடியது. கண் சரியாகத் தெரியாத மனிதருக்கு அந்தப் பலகையைத் தாண்ட பயம். பயம் என்று மகளிடம் சொல்ல வெட்கம். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு அரை நாளில் புதுக் கல் பதித்தோம். மறுநாள் காபிக்கடைக்குப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார், கடைசி மாதம்வரை போனார். ஆனால் அந்தக் கல் உடைந்து கிடந்த ஏழெட்டு மாதம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நான் அதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களை இன்றைக்கும் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. ‘முட்டிவலி என்பதால் வெளியே வருவதில்லை’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு அந்தச் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

முட்டிவலி இருக்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தா கிடக்கிறார்கள்? சமதரையில் மெதுவாக நடப்பார்கள். உங்கள் அப்பாவைத் தடுப்பது அந்தப் படிகளாக இருக்கலாம். மூன்றடியை ஐந்து படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்கு மேல். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும், முட்டி தேய்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எப்படியோ மேலே போய்விட்டாலும் திரும்பி இறங்க முடியுமா என்ற பயத்திலேயே போகாமல் இருந்துவிடுவார்கள்.

கேட்டுக்குள் அந்தப் பள்ளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவருக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும். பைக் சக்கரம் தெரியும். முகம் தெரிய வேண்டுமானால் அண்ணாந்து பார்க்க வேண்டும். தெருவில் தெரிந்த முகமே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமாகத் துணையில்லாமல் இருக்கிற அவருக்கு முகமே தெரியாது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை வேளச்சேரிக்குப் போங்கள். கேமரா வேண்டாம், அளவு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். ரோட்டிலிருந்து உங்கள் முற்றத் தரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். சாய்தளம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் அதற்குக் கணக்கு. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி வேண்டும், அரை கிரவுண்டில் அந்த இடம் கிடைக்காது. செங்குத்தாகப் போட்டால் மனிதரே உருண்டுவிடுவார். படியை மாற்றுங்கள். ஐந்தை ஏழாக்குங்கள். படிக்கு ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் உயரமும், பாதம் முழுசாகப் பதிகிற மாதிரி ஓரடி அகலமும் இருக்கட்டும். வழுக்காத கல் போடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி வையுங்கள், ஒரு பக்கம் மட்டும் போதாது. எல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே வரட்டும், தெருவில் நீட்டாதீர்கள். அடுத்தவர் நடக்கிற இடத்தைப் பிடிக்க நமக்கு உரிமையில்லை.

படி முடிகிற இடத்தில், கேட்டுக்கு உள்ளேயே, ரோட்டு மட்டத்துக்கு ஒரு சின்ன மேடை கட்டச் சொல்லுங்கள். நான்கடிக்கு நான்கடி இருந்தாலும் போதும், ஒரு நாற்காலி போடலாம். மேலே ஒரு ஷீட் போட்டால் வெயில் படாது. சாயங்காலம் அவர் அங்கே வந்து உட்காரட்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அவருடைய கண்ணுக்கு நேராகப் போகட்டும். ஒரு கொத்தனாருக்கும் ஒரு வெல்டருக்கும் ஒரு வார வேலை. அதற்கு ஆகிற செலவு ஃபிளாட் வாங்கிய உங்களுக்குப் பெரிதில்லை.

பள்ளத்து வீட்டுக்கு வேறு ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரி மறுபடியும் மூழ்கியது. அன்றைக்கு அப்பா எங்கே இருந்தார் என்று கடிதத்தில் இல்லை. அவரிடமே கேளுங்கள். கழிவுநீர் எதிர்த்து வீட்டுக்குள் வராமல் இருக்க வெளிக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறதா பாருங்கள். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சும் இபி மீட்டரும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள், சென்னையில் நிறைய வீடுகளில் செய்திருக்கிறார்கள். அது பெரிய செலவு, நல்ல இன்ஜினியரைக் கேட்காமல் இறங்காதீர்கள். படி வேலையை அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. அடுத்த தடவை ரோடு போட வரும்போது, பழைய தாரைச் சுரண்டாமல் போட விடாதீர்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். மாநகராட்சி எண் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்தோடு மனு கொடுங்கள். அந்தப் பத்துப் பேரில் முதல் கையெழுத்து எதிர் ஃபிளாட் குடும்பத்துடையதாக இருக்கட்டும். பத்து வருடம் தாமதமாக நன்றி சொல்ல அது ஒரு வழி.

இதைப் படித்துவிட்டு, ‘பேசாமல் அப்பாவை நாவலூருக்கே கூட்டிவந்துவிடுகிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால் இருக்கட்டும், வருகிறேன் என்றால் வரட்டும். பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. மகனுக்கு நேரமில்லை, வேலை அதிகம் என்ற எந்தச் சாக்கையும் நான் ஏற்பதில்லை. வேளச்சேரிக்கும் நாவலூருக்கும் நடுவில் கடல் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவரை, மனைவி இருந்து சமைத்த அடுப்படியிலிருந்து பெயர்த்துக்கொண்டுபோய், பேர் தெரியாத மாடியில் வைப்பதற்கு முன்னால் அவருடைய வாயால் ஒரு சரி வேண்டும். உங்கள் நான்கு பக்கத்தில் அவர் சொன்னதாக ஒரு சொல்கூட இல்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் கேட்டே நாளாகியிருக்கும் போலிருக்கிறது.

ஏக்கத்திலிருந்து மீள வழி கேட்டீர்கள். ஏக்கம் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் ஒரு மனிதரைப் பார்க்கப் போகாமல் இருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். தெருவைப் பார்த்தால் அழுகை வருகிறதென்றால் அழுதுகொண்டே போங்கள். வாரம் ஒரு தடவையாவது போங்கள். எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய்த் தொடைத் தசைக்கு என்ன பயிற்சி என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செய்யவையுங்கள். அந்தப் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் அவருக்கு நீங்கள் காட்டி விளக்க வேண்டாம், அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சின்னப் பையனாக ஏரியின் ஒரு கரையில் மீன் பிடித்தீர்கள். மதகு எங்கே இருந்தது, ஏரி நிரம்பினால் வழிகிற கலங்கலிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடியது, உங்கள் மனைக்கு எத்தனை லாரி மண் அடித்தார்கள் என்பதெல்லாம் வீடு கட்டிய மனிதருக்குத்தான் தெரியும். அந்தப் படங்களில் இல்லாத வேளச்சேரி அவரிடம் இருக்கிறது, நீங்கள்தான் அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள்.

படி கட்டி முடிந்ததும் சிமென்ட் நன்றாக இறுகட்டும், ஒரு வாரம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தண்டீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போங்கள். சின்ன வயதில் உங்கள் கால் வேகத்துக்கு அவர் நடந்தார், இப்போது அவருடைய வேகத்துக்கு நீங்கள் நடங்கள். வழியில் எத்தனை இடத்தில் நின்றார், யார் யாரெல்லாம் அவரை நிறுத்திப் பேசினார்கள் என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதைச் சுருக்காமல் போடுகிறேன்.